வலுவும் சிக்கனமும்: மோட்டார் எஞ்சின் பற்றி ஒரு சிந்தனை

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருதல் வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, எதனை எழுதுவது என்ற மயக்கம் எமக்கு நெடுநேரம் இருக்கவில்லை. பழைய மாணவர் சங்கத்தின் சென்ற ஒன்றுகூடலின்போது, மதிய விருந்து முடிந்தபின், முற்றத்து வேம்பின் நிழலிலே எழுந்த சொற்போர் ஒன்று இன்னும் எமது செவியில் ஒலித்துக்கொண்டேயிருக்கின்றது. ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து கற்ற நண்பர் இருவர் தத்தம் மோட்டார் வண்டிகளின் பெருமை பேசினர். ஒருவர் ஏறி வந்தது ரொயோட்டா நிறுவனத்தாரின் அக்குவா என்னும் ஹைபிரிட் வண்டி. மற்றவருடையதும் அதே நிறுவனத்தார் செய்ததே. ஆனால் அதிலே மின்மோட்டர் இல்லை. இருவருடைய எஞ்சினும் ஒன்றரை லீற்றர் கொள்ளளவினதே.

இரண்டாமவர் நகைத்துக் கூறியதை அவர் மொழியிலேயே தருவதற்கு மலராசிரியர் பொறுத்தருள்வாராக: "மச்சான், உன்ரை எஞ்சினுக்கு எழுபத்து நாலு குதிரை. என்ரைக்கு நூற்றியொன்பது. உன்ரை முப்பத்தைஞ்சு குதிரையும் லாயத்திலையே நிண்டுட்டுது போலை!"

சுற்றி நின்றோர் யாவரும் சிரித்தனர். அக்குவாவுக்கு உடையவர் விடைகூற இயலாது தலை கவிழ்ந்தார். நாமும் அவ்வேளை வாளாவிருந்தோம். உண்ட மயக்கம் ஒரு காரணம், இரண்டு வார்த்தையில் அடங்கும் விடையன்று என்பது மற்றொரு காரணம். அந்த முப்பத்தைந்து குதிரைகளும் எங்கே போயின என்பதே இக்கட்டுரையின் பொருள். வேடிக்கையாக எழுந்த வினாவேயாயினும், பெற்றோலின் ஒவ்வொரு துளியையும் பிறநாட்டுச் செலாவணி கொடுத்து வாங்கும் இந்நாட்டிலே அது வேடிக்கையோடு முடிந்துவிடத் தக்கதன்று.

பரிவலு என்னும் எண் யாது? எஞ்சினின் தண்டைத் திருப்பும் முறுக்கத்தை, அத்தண்டு சுழலும் கதியாற் பெருக்கி வருவதே வலு. ஆகவே விளம்பரத் தாளிலே அச்சிடப்பெறும் எண், எஞ்சின் தனது உச்ச நிலையில், அதுவும் ஒரு குறித்த சுழற்சிக் கதியில் மாத்திரம் தரக்கூடிய வலுவைக் குறிக்கின்றது. நண்பரின் நூற்றியொன்பது பரிவலுவும் நிமிடத்துக்கு 6000 சுற்று என்னுங் கதியிற் கிடைப்பவை. அக்குவாவின் எழுபத்து நான்கும் 4800 சுற்றிற் கிடைப்பவை. எமது நண்பர் தமது வண்டியை என்றேனும் 6000 சுற்றுக்கு ஓட்டியதுண்டா என வினவினால், அவர் நெஞ்சறிய இல்லையென்றே கூறுவார். அவ்வாறு ஓட்டினால் அவருடைய இல்லத்தரசியார் அவ்வண்டியில் மறுபடியும் ஏறவுமாட்டார்.

இந்நாட்டிலே சாதாரண வீதிகளிற் கார்களுக்கு விதிக்கப்பட்ட வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். சனநெருக்கமுள்ள இடங்களில் 50. சமதரையில், காற்றில்லாத வேளையில், சிறு கார் ஒன்று மணிக்கு 70 கிலோமீற்றரிற் செல்வதற்கு எவ்வளவு வலு வேண்டும்? உயர்தர வகுப்பு மாணவர் எவரும் இதனைக் கணக்கிடலாம். காற்றின் தடையும் சில்லுகளின் உருளுந் தடையும் கூடி ஏறத்தாழ 280 நியூற்றன். வேகம் செக்கனுக்கு 19.4 மீற்றர், இரண்டையும் பெருக்கினால் ஐந்தரைக் கிலோவாற்று அளவில் வரும். பரிவலுவிற் கூறின் ஏழு அல்லது எட்டு. குளிரூட்டியையும் பிறவற்றையும் சேர்த்து வேண்டுமாயிற் பத்து எனக் கொள்வோம். நூற்றியொன்பது குதிரைகளை லாயத்திற் கட்டித் தீனி போட்டு, பத்தினை மாத்திரம் ஏரிற் பூட்டுகின்றோம் என்பதே இதன் பொருள்.

நிற்க. குதிரைகள் சும்மா நிற்பதால் வரும் நட்டம் யாது எனச் சிலர் கேட்கலாம். பெற்றோல் எஞ்சினில் அந்நட்டம் பெரிது. காற்றை உள்ளே விடும் குழாயின் வாயிலிலே திரொட்டில் என்னும் ஒரு சிறு தகடு உண்டு. காலால் மிதிக்கும் அக்சிலறேற்றர் அத்தகட்டைத் திறந்து மூடுகின்றது. வலு சிறிதே வேண்டப்படும்போது தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். உருளைக்குள்ளே கீழிறங்கும் முசலம், அந்தச் சிறு இடுக்கின் வழியே காற்றை வருந்தி இழுத்தல் வேண்டும். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு ஓடுபவனின் நிலை இஃதேயாம். ஓடுவதற்கு முன்னரே மூச்சிழுப்பதிற் களைத்துவிடுகின்றான். எஞ்சின் எவ்வளவுக்குத் தனது முழு வலுவிலிருந்து விலகி நின்று வேலை செய்கின்றதோ, அவ்வளவுக்கு இவ்விழப்பும் எரிபொருளிற் பெரும்பங்கைத் தின்கின்றது. உராய்வும் அப்படியே. சுழற்சிக் கதி ஏற ஏற உராய்வும் ஏறும். வண்டிக்கு உதவும் வலுவோ சிறிதளவுதான்.

வேக எஞ்சினைச் சமைப்பவர் வேண்டுவது, மிகக் குறுகிய நேரத்தில் மிகுந்த காற்றை உட்கொள்ளுதல். ஆதலால் அவர் வால்வுகளை அகலமாக்குவர். அவற்றைத் தூக்கும் கேம் தண்டின் முனைப்பை உயர்த்துவர். உயர்ந்த கதியில் வால்வுகள் மிதவாதபடி வலிய சுருள்வில்களைப் பூட்டுவர். 6000 சுற்றையும் தாங்கக்கூடிய பருத்த தண்டுகளையும் தாங்கிகளையும் அமைப்பர். இவை யாவும் நன்றே. ஆனால் 2000 சுற்றில் அமைதியாகச் செல்லும்போதும் அந்த வலிய வில்களை அமுக்கவும், அந்தப் பருத்த தண்டுகளைச் சுழற்றவும் நாம் பெற்றோல் கொடுக்கின்றோம். எமது ஊர்களிலே சவாரி மாடு வளர்ப்போரைப் பார்த்திருக்கின்றோம். அந்த மாடு சவாரித் திடலிலே பறக்கும்; ஆனால் அதற்கிடும் தீனியும் தனி, காட்டும் பரிவும் தனி. அதனைக் கொண்டுபோய்த் தோட்டத்துக்கு எரு ஏற்றுவிப்பார் எவருமிலர். மோட்டார் விடயத்தில் மாத்திரம் எரு ஏற்றுவதற்குச் சவாரி மாட்டையே வாங்குகின்றோம். வாங்கிவிட்டு வைக்கோல் விலையேறிற்றென்று முறையிடுகின்றோம்.

இனி, வேம்படிச் சொற்போருக்கு வருவோம். இரு நண்பரின் எஞ்சின்களும் உடன்பிறந்தவை என்பதை அவர்கள் அறிந்திலர். ஒன்றரை லீற்றரான அந்த எஞ்சின் குடும்பத்திலே சாதாரண எஞ்சினுக்கு எவ்.ஈ. என்றும், சிக்கன எஞ்சினுக்கு எவ்.எக்ஸ்.ஈ. என்றும் குறியீடு. உருளையின் விட்டம் இரண்டுக்கும் 75 மில்லிமீற்றர். முசலம் ஏறி இறங்கும் தூரம் இரண்டுக்கும் 84.7 மில்லிமீற்றர். வேறுபாடு பெரும்பாலும் இரண்டே விடயங்களில் அடங்கும். முதலாவது, சாதாரண எஞ்சினின் அமுக்க விகிதம் 10.5, சிக்கன எஞ்சினுக்கோ 13, பிற்காலத்தில் அதற்கும் சற்று மேல். இரண்டாவது, சிக்கன எஞ்சினில் உள்வால்வு மிகப் பிந்தி மூடுகின்றது.

இவ்விரண்டாவது விடயத்திலேதான் சூட்சுமம் உளது. 1876 ஆம் ஆண்டில் ஜேர்மானியரான நிக்கொலாஸ் ஒற்றோ வெற்றிகரமாக இயக்கிய நான்கடி எஞ்சினிலே, கலவையை அமுக்கும் தூரமும், எரிந்த வாயு விரிந்து முசலத்தைத் தள்ளும் தூரமும் ஒன்றே. எரிந்த வாயு முழுவதும் விரிந்து முடியுமுன்னரே புறவால்வு திறந்துவிடுகின்றது. இன்னும் வேலை செய்யவல்ல அமுக்கம் புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறுகின்றது. ஜேம்ஸ் அற்கின்சன் என்னும் ஆங்கிலேய எந்திரவியலார் 1880களில் இதற்கொரு வழி கண்டார். பல இணைப்புத் தண்டுகளை வைத்து, அமுக்குந் தூரத்தைக் குறைத்தும் விரியுந் தூரத்தை நீட்டியும் எஞ்சின் சமைத்தார். தண்டுகள் பலவாதலின் அப்பொறி பாரமாயிற்று, வலுவும் குறைந்தது, உலகம் அதனை மறந்தது. நூறாண்டுக்கு மேற் கழிந்தபின், 1997 ஆம் ஆண்டு திசெம்பரில் யப்பானில் விற்பனைக்கு வந்த பிறியஸ் வண்டியிலே அதே கருத்து, தண்டுகள் ஏதுமின்றி, வால்வின் காலத்தை மாற்றுவதால் மாத்திரம் மீண்டும் உயிர்பெற்றது.

அஃது எவ்வாறெனின், முசலம் அடிக்குப் போய் மீண்டும் மேலேறத் தொடங்கிய பின்னரும் உள்வால்வு திறந்தே இருக்கும். உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பித் தள்ளப்படும். அதன்பின்னரே வால்வு மூடும். அமுக்கமும் அதன்பின்னரே தொடங்கும். எரிந்தபின் விரிவதோ முழுத் தூரமும். ஆகவே அச்சிடப்பெற்ற 13 என்னும் எண் உண்மையில் விரிவுக்கு உரியது. அமுக்கம் அதனிலும் குறைவே. அதனாலேதான் அவ்வளவு உயர்ந்த எண்ணிருந்தும் சாதாரண பெற்றோலில் அவ்வெஞ்சின் தட்டல் ஒலியின்றி ஓடுகின்றது. வேறொரு நன்மையும் உண்டு. வேண்டாத கலவையை வால்வே திருப்பி அனுப்பிவிடுவதால், திரொட்டில் தகட்டை அத்துணை இறுக மூட வேண்டியதில்லை. மூக்கைப் பொத்தும் துன்பம் குறைகின்றது.

முப்பத்தைந்து குதிரைகளும் போன இடம் இதுதான். ஒவ்வொரு முறையும் உருளைக்குள் தங்கும் கலவை குறைவு; ஆதலால் ஒன்றரை லீற்றர் எஞ்சின் அதனிலும் சிறியதோர் எஞ்சினின் வலுவையே தருகின்றது. அக்குதிரைகள் களவு போகவுமில்லை, லாயத்தில் உறங்கவுமில்லை. அவற்றுக்குரிய தீனியை வாங்காமலே விட்டுவிட்டனர். உச்சக் கதியைத் தாழ்த்தியதால் உட்பாகங்களையும் இலேசாக்க முடிந்தது. முதற் பிறியஸின் எஞ்சின் 4000 சுற்றுக்கு மேற் செல்லாதபடி கட்டப்பட்டிருந்தது. மேலும், ஏற்றத்திலும் முந்திச் செல்லும்போதும் தோன்றும் குறையை மின்மோட்டர் நிரப்புகின்றது. இரண்டுஞ் சேர்ந்து அக்குவாவுக்குக் கிடைப்பது 100 பரிவலு. நண்பர் எண்ணாது விட்ட குதிரைகள் மின்கலத்திலே நின்றன.

ஒற்றோ எஞ்சினின் வினைத்திறனை அமுக்க விகிதத்தைக் கொண்டு கணிக்கும் சூத்திரத்தைப் பௌதிகவியல் ஏட்டிலே காணலாம். காற்றையே ஊடகமாகக் கொண்ட அந்தக் கணக்கின்படி விகிதம் 7 எனின் 54 வீதம், 10.5 எனின் 61 வீதம், 13 எனின் 64 வீதம். நடைமுறையில் இவற்றை எவரும் எட்டுவதில்லை. 2015 ஆம் ஆண்டிலே வெளிவந்த நான்காம் தலைமுறைப் பிறியஸின் எஞ்சின், தனது மிகச் சிறந்த நிலையிலே 40 வீதத்தை எட்டியதாக அறிவிக்கப்பெற்றபோது, எந்திரவியலுலகம் அதனை ஒரு பெருஞ் சாதனையாகவே கொண்டது. எஞ்சிய 60 வீதமும் வெப்பமாகப் போகின்றது. இதனை வாசிக்கும் மாணவரில் ஒருவரேனும் அந்த அறுபதை எண்ணித் துயில் இழப்பாராயின் எமக்கு மகிழ்ச்சியே.

அமுக்க விகிதத்தைப் பற்றிப் பேசும்போது பழைய நினைவொன்று குறுக்கிடுகின்றது. 1990களிலே குடாநாட்டுக்குப் பெற்றோல் வராது தடைப்பட்டிருந்த காலத்தை முதிய வாசகர் மறந்திரார். அந்நாளிலே வீதியில் ஓடியவை 1940களிலும் 50களிலும் வந்த ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள். அவை குடித்தது மண்ணெண்ணெய். சிறு போத்தலிலே சேமித்து வைத்த சில துளி பெற்றோலைக் காபறேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகையும் நாற்றமும் சொல்லுந்தரமன்று. எஞ்சினின் உயவு நெய்யும் மண்ணெண்ணெய் கலந்து நீர்த்துப்போகும். எனினும் வண்டி ஓடிற்று; நோயாளர் வைத்தியசாலை சேர்ந்தனர்; மணமக்கள் கோவில் சேர்ந்தனர். நாம் ஓட்டிய ஒஸ்ரின் ஏ40 வண்டியின் அமுக்க விகிதம் 7 அளவே. தட்டலை எதிர்க்கும் தன்மை மிகக் குறைந்த மண்ணெண்ணெயை அது சகித்தது அதனாலேதான். அதே வேளை, விகிதம் தாழ்ந்ததாலே அது எரிபொருளை விழுங்கிற்று. பொறுமையும் சிக்கனமும் ஒரே எஞ்சினில் அமையவில்லை. அக்காலத்திலே அந்த வண்டிகளைக் கட்டி ஓட்டிய எமது கராச்சுக்காரர், அமுக்க விகிதம் என்ற சொல்லைக் கேளாமலே அதன் பொருளை விரல் நுனியில் அறிந்திருந்தனர். தலைப்பாகத்தின் அடியிலே தடித்த கஸ்கற் வைத்து விகிதத்தை மேலும் குறைத்தவர்களும் உளர்.

அந்த ஏ40 எஞ்சினிலே கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. அதன் உருளை விட்டம் 65.5 மில்லிமீற்றர், முசலம் ஏறியிறங்கும் தூரமோ 89. இவ்வாறு ஒடுங்கி நீண்ட வடிவம் எந்திரவியலார் உவந்து தேர்ந்ததன்று. பிரித்தானியாவிலே 1921 முதல் ஒரு பரிவலுவுக்கு ஒரு பவுண் வீதம் மோட்டார் வரி அறவிடப்பட்டது. அந்தப் பரிவலு அளந்து அறிந்த வலுவன்று; உருளைகளின் எண்ணிக்கையையும் விட்டத்தையும் மாத்திரங் கொண்டு கணித்தது. ஆகவே வரியைக் குறைக்க விரும்பியோர் விட்டத்தைச் சுருக்கித் தூரத்தை நீட்டினர். 1947 இல் அவ்வரி முறை ஒழிந்த பின்னரும், அதன் நிழல் எமது ஊர் ஒஸ்ரின் வண்டிகளிலே பல ஆண்டு கிடந்தது. அளவுகோல் எதுவோ அதற்கேற்பவே எஞ்சின் வளரும் என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இதனை நாம் வலியுறுத்துவது காரணமின்றியன்று. இந்நாட்டிலே இறக்குமதியாகும் வாகனங்களுக்கு வரி கணிப்பதில், மின்வண்டிகள் நீங்கலாக, எஞ்சினின் கொள்ளளவாகிய கன சென்றிமீற்றரே முதன்மையான அளவுகோல். ஹைபிரிட்டுக்கு வேறு வீதம் உண்டு. அங்கும் கொள்ளளவைக் கொண்டே கணக்கு. கொள்ளளவு சிறிதாயின் எரிபொருளுஞ் சிறிது என்ற எண்ணம் அதன் அடியிலே கிடக்கின்றது. எண்ணம் பெரும்பாலும் பொருந்தும், முற்றும் பொருந்தாது. மூக்குப் பொத்திய பெரிய எஞ்சின் வீண்செலவு என்பதை மேலே கூறினோம். ஆனால் பெரிய எஞ்சினை மெதுவாகவும் உராய்வின்றியும் ஓட்டினால் யாது நிகழும்?

1980களிலே ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தார் இதனைச் செய்தே காட்டினர். வினைத்திறனைக் குறிக்கும் கிரேக்க எழுத்தாகிய ஈற்றாவின் பெயராலே அவ்வெஞ்சின் அழைக்கப்பட்டது. அவர்களுடைய 325 ஐ என்னும் வேக வண்டியின் எஞ்சின் இரண்டரை லீற்றர். வலு ஏறத்தாழ 170 பரிவலு. சிக்கனத்துக்கென்று செய்த 325 ஈ வண்டிக்கோ அதனிலும் பெரிய 2.7 லீற்றர் எஞ்சின்! வலு ஏறத்தாழ 122 மாத்திரம். பெரிய எஞ்சின், குறைந்த வலு, குறைந்த பெற்றோல். முரண்போலத் தோன்றும் இதன் விளக்கம் எளிது. முறுக்கம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே, 230 நியூற்றன் மீற்றர் அளவில். ஆனால் வேக எஞ்சின் அதனை 4000 சுற்றுக்குப் பிறகே எட்டிற்று. ஈற்றா எஞ்சினோ 3250 சுற்றிலேயே எட்டிற்று. உச்ச வலுவையும் 4250 சுற்றிலேயே தந்து முடித்துவிட்டது. அதற்குமேல் அதனை ஓட்டும் எண்ணமே இல்லாமையால், கேம் தண்டின் தாங்கிகளை ஏழிலிருந்து நான்காகக் குறைத்தனர். வால்வு வில்களை மெலிதாக்கினர். சில்லுகளை நீண்ட கியரிலே பூட்டினர். எஞ்சின் ஆறுதலாகச் சுழல வண்டி விரைந்து சென்றது.

இந்த ஈற்றா வண்டியை எமது வரி அளவுகோலால் அளந்தால், சிக்கனமானதற்கு மிகுந்த வரியும், செலவாளிக்குக் குறைந்த வரியும் விழும். மறுபுறத்திலே, ஒரு லீற்றருக்கும் குறைந்த எஞ்சின் பூட்டிய சிறு வண்டியிலே ஐவர் ஏறி, பொதிகளும் ஏற்றி, கண்டி வீதியால் முழுநாளும் அக்சிலறேற்றரை அடியோடு மிதித்துக் கொழும்புக்குப் போகும் காட்சியை நாம் அடிக்கடி காண்கின்றோம். அச்சிறு எஞ்சின் நகருக்குள்ளே சிக்கனம், அந்நெடுவழியிலே அன்று. பிரித்தானியர் 2001 ஆம் ஆண்டிலிருந்து புதிய கார்களின் வருடாந்த வரியைக் கரியமில வாயுவின் அளவோடு இணைத்தனர். பெற்றோல் எரியும் அளவுக்கே அவ்வாயு வெளிவருமாதலின், அஃது எரிபொருளை அளப்பதற்கு ஒப்பானதே. விட்டத்தை அளந்து பட்டறிந்த நாடு, கடைசியிலே அளக்க வேண்டியதை அளந்தது. நாமும் ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு பெற்றோல் என்பதை அளந்து வரியிடல் வேண்டும் என்பதே எமது துணிபு. அதற்கான சோதனை எண்களை வண்டி செய்யும் நாடுகளே அளந்து வெளியிடுகின்றன. நாம் புதிதாக ஓர் ஆய்வுகூடம் கட்ட வேண்டியதுமில்லை.

சிக்கன எஞ்சினைப் புகழ்ந்து அதன் குறைகளை மறைத்தல் நடுவுநிலைமை ஆகாது. ஹொண்டா நிறுவனத்தார் 1992 ஆம் ஆண்டுச் சிவிக் வண்டியொன்றிலே பூட்டிய ஒன்றரை லீற்றர் எஞ்சினில், குறைந்த கதியில் இரண்டு உள்வால்வுகளுள் ஒன்று ஒரு கீற்றளவே திறக்கும். மற்றதன் வழியே வரும் கலவை உருளைக்குள் சுழன்றடித்து, காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த நிலையிலும் செம்மையாய் எரியும். அதன் வலு 92 பரிவலு; அதே ஆண்டின் 1.6 லீற்றர் வேக எஞ்சினுக்கு 125. சிக்கனத்திலே அது புகழ்பெற்றது. ஆனால் புகையிலே ஒட்சிசன் மிகுந்திருப்பதால், நைதரசன் ஒட்சைட்டுகளை நீக்கும் சாதாரண ஊக்கிக் கலம் அங்கே தன் தொழிலைச் செய்வதில்லை. பெற்றோல் மிஞ்சியது, காற்றின் தூய்மைக்குக் குறை வந்தது. ஹைபிரிட் வண்டியிலும் மின்கலம் முதுமையடைந்தால் இலட்சக் கணக்கிற் செலவுண்டு. ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீற்றரே ஓடுபவர் அச்செலவைப் பெற்றோலில் மீட்பது அரிது. அவ்வண்டிகளின் சிக்கனம் முழுவதும் எஞ்சினால் வந்ததுமன்று. தடுப்பைப் பிடிக்கும்போது வீணாகும் சத்தியை மின்கலத்திற் சேர்ப்பதாலும் ஒரு பங்கு வருகின்றது. இவற்றையெல்லாம் வாங்குவோர் முன்னரே கணக்கிடல் வேண்டும்.

மலைநாட்டுக்குச் செல்வோர், "ஏற்றத்தில் என் செய்வது?" எனக் கேட்பர். தக்க கேள்வியே. நால்வர் ஏறிய சிறு கார், நூற்றுக்கு எட்டு என எழும் ஏற்றத்தில் மணிக்கு 50 கிலோமீற்றரிற் செல்வதற்கு முப்பது பரிவலு அளவு போதுமெனக் கணக்குச் சொல்கின்றது. கடுகண்ணாவையிலே மூச்சு வாங்கும் வண்டிகளிற் பல, வலுவில்லாமல் வாங்குவனவல்ல. தக்க வேளையிற் கியரைக் குறைக்காத சாரதியால் வாங்குவன. நோயாளர் வண்டிக்கும், நாள்தோறும் பாரமேற்றி மலையேறும் வண்டிக்கும் மிகுந்த வலு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கல்லூரிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கும் தந்தைக்கு அது வேண்டியதன்று.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியை நினைந்து பார்ப்போம். யூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவாயிற்று. அந்த விலை கொடுப்பதற்கும் பெற்றோல் இருக்கவில்லை. நிலையங்களின் முன்னே இரவு பகலாக வண்டிகள் காத்துக் கிடந்தன; நாமும் ஓரிரவை வீதியோரத்திலே வண்டிக்குள் கழித்தோம். யூலையிலே கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என வரையறுத்தனர். அந்த இருபது லீற்றரை வைத்துக்கொண்டு ஒருவர் வாரம் முழுவதும் கடமைக்குச் சென்றார். அவருடைய அயலவர் வியாழக்கிழமையே வண்டியை நிறுத்திவிட்டு ஈருருளியைத் துடைத்தார். அன்று எவரும் எவரையும் எத்தனை குதிரை எனக் கேட்கவில்லை. லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்றே கேட்டனர். வரிசைகள் மறைந்ததும் அக்கேள்வியும் மறைந்துபோயிற்று. வேம்படியிலே மீண்டும் குதிரைகளை எண்ணத் தொடங்கிவிட்டோம்.

ஆதலால், கல்லூரியின் விஞ்ஞான மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஒன்றுகூடல் நாளிலே பழைய மாணவரின் வண்டிகளுட் சிலவற்றைத் தெரிந்து, கலத்தைக் கழுத்தளவும் நிரப்பி, கல்லூரி வாயிலிலிருந்து ஆனையிறவு வரை சென்று மீளச் செய்க. ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் வரும். எல்லோரும் ஒரே வேகத்திற் செல்லுதல் வேண்டும். மாணவர் ஒருவர் ஒவ்வொரு வண்டியிலும் முன்னாசனத்தில் இருந்து வேகத்தையும் சுற்றையும் குறித்தல் வேண்டும். திரும்பியதும் அதே நிலையத்திலே மீண்டும் நிரப்பி, எத்தனை லீற்றர் பிடித்ததென அளந்து, கொள்ளளவையும் பரிவலுவையும் பக்கத்தில் எழுதி அறிவித்தற் பலகையிலே ஒட்டுக. வேம்படியிற் சொற்போர் புரிந்த இருவரிடமும் பேசி உடன்பாடு பெற்றுள்ளோம். எமது வண்டி பன்னிரண்டு ஆண்டுப் பழையது. அதன் எண் எமக்கே நாணந் தரக்கூடும். எனினும் முதலாவதாக அதனையே தருவோம். அன்றைய பெற்றோற் செலவும் எம்முடையதாகுக.